சியாங் மாய் சேறு

காடி கழுவும் இடத்துக்குக் காடியைக் கொண்டுவந்து நிறுத்தி, கழுவாதே என்று சொன்ன மனிதர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

அப்போது நான் கெடா மாநிலத்துப் பீடோங்கில், சுங்கை பட்டாணிக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு பட்டறையில் இருந்தேன். முன்பக்கம் காடி, அதாவது கார் கழுவுவது, பின்பக்கம் பழுது பார்ப்பது. கழுவுவது என் வேலை, கழற்றுவது முதலாளி தவுக்கேயின் வேலை. தவுக்கே சீனர். ரப்பர் தோட்டத்துக் கடை ஒன்றில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். மாடியில் பழைய டயர்களுக்கு நடுவில் படுத்துக்கொள்ள எனக்கு இடம் கொடுத்திருந்தார். டயர் நாற்றம் பழகிவிட்டால் குறை சொல்ல முடியாத இடம். அதற்கு முன்னால் குவாலா கெடாவில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் படுத்திருக்கிறேன்.

புத்தாண்டு முடிந்த வாரம் அந்தக் காடி வந்தது. வெள்ளைக் காடி என்பது பிறகுதான் தெரிந்தது. சக்கரத்திலிருந்து கூரை வரைக்கும் சேறு காய்ந்து, வெடித்து, அறுப்பு முடிந்த பெண்டாங் வயல் மாதிரி இருந்தது. பின் கண்ணாடியில் மலை, மேகம், வரிசையாக ஐந்து காடிகள் போட்ட ஒரு பெரிய ஸ்டிக்கர். இறங்கியவர் இடுப்புக்குக் கீழே அரைக்கால் சிலுவாரும் சிலிப்பருமாக இருந்தார். இடுப்புக்கு மேலே பஞ்சு வைத்துத் தைத்த குளிர் ஜாக்கெட். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் வியர்வை ஓடியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் வியர்த்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"தம்பி, வெளிய ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. உள்ள மட்டும் வேக்கம் போட்டுத் தூசி எடு. முன் கண்ணாடிய காஞ்ச துணியால தொடச்சிடு."

"ஏண்ணே, வேற பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?"

"இது சியாங் மாய் சேறுடா."

பத்துமலை விபூதி என்று சொல்லும்போது சிலருக்குக் குரல் இறங்கும். அந்தக் குரலில் சொன்னார். நான் எதிரில் நின்றுகொண்டு, கையில் தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் குழாயைப் பின்னால் மறைத்தேன்.

துடைக்கும்போது முன் கண்ணாடி ஓரத்திலிருந்து ஒரு கட்டி உதிர்ந்துவிட்டது. ஓடிவந்தார். கீழே குனிந்து அதை எடுத்தார். எங்கே பொருந்தும் என்று வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மே ஹோங் சோன் மலையில ஒட்டினது தம்பி. அந்த ரோட்டுல எத்தன வளைவு தெரியுமா? ஆயிரம்."

தைப்பூசம் வருவதற்குள் அது இரண்டாயிரம் வளைவாகிவிட்டது. ரோடு அங்கேயேதான் இருந்தது.

அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பிறந்தவர். வேலை கிடைத்ததும் பட்டணத்துக்கு வந்துவிட்டார். பட்டணம் என்றால் பீடோங். வடக்கே ஜித்ராவில் அக்கா மகன் கல்யாணம், தெற்கே பினாங்கில் ஆஸ்பத்திரி, இதற்கு இடையில்தான் அவருடைய உலகம் இருந்தது. அந்த டிசம்பரில் நண்பர்கள் நாலு பேர் காடிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு கான்வாய் கிளம்பினார்கள். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி, தாய்லாந்தின் வடக்கு மூலை வரைக்கும் குளிர் பார்க்கப் போய்வருவது. இப்போதெல்லாம் இது ஒரு பழக்கமாகிவிட்டது. குளிர் இல்லாத நாட்டில் பிறந்தவர்கள் லீவு போட்டு, எண்ணெய் ஊற்றி, நாலைந்து நாள் ஓட்டிப்போய் நடுங்கிவிட்டு வருவார்கள். ஐந்தாவது காடியாக இவரும் சேர்ந்துகொண்டார்.

போய்வந்தது பன்னிரண்டு நாள். அதைப் பற்றிப் பேசியதை நான் எண்ணவில்லை. எண்ண முடியாது.

கடைத்தெருவில் ஒரு பாய் கடை இருந்தது. எங்களுக்கெல்லாம் பசியாற அதுதான் இடம். கடைக்கு எதிரே எத்தனை இடம் காலியாக இருந்தாலும், இவர் மேசைகளில் இருப்பவர்களுக்குச் சேறு அதிகமாக இருக்கும் பக்கம் தெரியும்படிதான் நிறுத்துவார். முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி நிறுத்துவார். பிறகு உள்ளே வந்து, சாலையைப் பார்க்காத நாற்காலியில் உட்காருவார். யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பார். யாரும் கேட்காவிட்டால் அவரே தே தாரேக் டீயைத் தொட்டுப் பார்த்து ஆரம்பிப்பார்.

"இங்க டீ எவ்ளோ நேரம் சூடா இருக்கு பாருங்க. அங்க வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள ஆறிடும்."

"அப்ப அங்க ஐஸ் போடற செலவு மிச்சம்லா," என்பார் கடைக்காரப் பாய். அவருக்கு இந்தப் பேச்சு மனப்பாடம்.

கைப்பேசியில் படங்கள் இருந்தன. மலை இருக்கும், கோயில் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். முக்கால்வாசி அவருடைய வாய்தான். வாயிலிருந்து புகை வரும் படங்கள். காலை புகை, மாலை புகை, பக்கவாட்டில் புகை. சிகரெட் தொடாத மனிதர் என்பதால் அதில் அவருக்குத் தனிப் பெருமை. ஒரு சாவு வீட்டுக்கு அந்த ஜாக்கெட்டிலேயே வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இறந்தவரின் மகனிடம் மெதுவாக, "ஐஸ் பெட்டி சரியா கூலிங் இல்ல, அங்க இதெல்லாம் தேவையே இல்ல" என்றார். அந்தப் பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். துக்கத்துக்கு அதுவும் ஒரு ஆறுதல்தான்.

ஒரு நாள் என்னைக் கேட்டார்: "நீ எங்கயாச்சும் போயிருக்கியா தம்பி?"

"எல்லையத் தாண்டினதும் இருக்கற டானோக்ல ஒரு சாப்பாட்டுக் கடையில கொஞ்ச மாசம் வேல செஞ்சேன்ணே. பாத்திரம் கழுவ."

"டானோக் எல்லாம் தாய்லாந்தே இல்லடா."

நான் சரி என்றேன். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் பூகோளத்தில் சண்டை போடக்கூடாது. அங்கே பாத்திரங்கள் தாய்லாந்துப் பாத்திரங்கள் போலத்தான் இருந்தன.

கான்வாயில் போன மற்ற நாலு காடிகளும் திரும்பிய வாரமே எங்களிடம் வந்துவிட்டன. தவுக்கேக்கு அந்த வாரம் தலை நிமிர நேரமில்லை. எண்ணெய் மாற்றினார். ஏர் ஃபில்டரைத் தட்டினால் தூசி மேகமாக வந்தது. சக்கரங்களைச் சரிபார்த்தார், பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். நான் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடித்துச் சேறு எடுத்தேன். "தூரம் போய்ட்டு வந்த காடி தூரம் போய்ட்டு வந்த மனுசன் மாதிரி. வந்ததும் காலப் புடிச்சி விடணும். இல்லன்னா அப்பறம் எழுந்திரிக்காது" என்பார் தவுக்கே. நாலு பேரும் காலைப் பிடித்துவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் வரவில்லை. வேக்கம் போட மட்டும்தான் வருவார்.

அந்த நாலு பேரில் ஒருவர் எங்களிடம் ஒரு விஷயம் சொன்னார். மலையிலிருந்து இறங்கும்போது எல்லாரும் கியரைக் குறைத்து மெதுவாக இறங்கினார்களாம். இவர் மட்டும் மேலிருந்து கீழ்வரைக்கும் பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே இறங்கினாராம்.

"பின்னால போனா கருகல் நாத்தம் தாங்கல. வாக்கி டாக்கியில, அண்ணே பிரேக் எரியுது, கியர எறக்குங்கன்னு கத்தறோம். அவரு என்னா சொன்னாரு தெரியுமா? அது பைன் மரத்து வாசனையாம்."

தவுக்கே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தக் காடிய யாரு ஓட்டறா இப்ப?" என்று கேட்டார்.

எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். அவர் அந்தக் காடியைக் கடைத்தெருவில் நிறுத்துவதற்குத்தான் வைத்திருந்தார். தினமும் ஓட்டியது அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. சுங்கை பட்டாணியில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. போகும் வழியில் தோட்டத்துக்குள் போய், அங்கிருந்து இன்னும் மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போவார். தினமும் நாலு உயிர் அந்தப் பிரேக்கை நம்பிப் போய் வந்துகொண்டிருந்தன.

பொங்கல் கழிந்ததும் சத்தம் ஆரம்பித்தது. முதலில் எலி மாதிரி கீச்சென்றது. பிறகு தகரத்தைத் தகரத்தால் தேய்ப்பது மாதிரி. பாய் கடை முன்னால் அவர் நிறுத்தும்போது ரொட்டி தட்டுகிறவர் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். ஒரு நாள் வேக்கம் போட வந்தபோது தவுக்கே கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலிருந்து வந்துவிட்டார்.

"அண்ணே, பிரேக் அழுவுது. காது கேக்கலியா?"

"சேறு கொஞ்சம் உள்ள போயிருக்கும் தவுக்கே. அதான் சத்தம். பிரேக் புடிக்குது."

"சக்கரத்த கழட்டிப் பாக்கறேன். அர மணி நேரம்."

"கழட்டினா சேறு கொட்டிடும்."

தவுக்கே அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

"கொட்டட்டும்ண்ணே. பீடோங்ல சேறு கெடைக்காதா? வேணும்னா நானே ஒரு வாளி கொண்டாந்து பூசறேன்."

அந்த வார்த்தை அவரை நன்றாகச் சுட்டுவிட்டது. முகம் சிறுத்துப்போய், ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றினார். அடுத்து வேறொரு காரணத்தைக் கொண்டுவந்தார்.

கிளம்புவதற்கு முன் தோட்டத்து முனியாண்டி கோயிலில் காடிக்குப் பூசை போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சாமிக்குச் சுருட்டு கொளுத்தி வைத்து, காடியை முன்னால் எடுத்து நசுக்குவார்கள். பிறகு அதை மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. எந்தச் சக்கரம் எந்தப் பழத்தை நசுக்கியதோ அந்தச் சக்கரம் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், கழற்றி மாட்டினால் காவல் கலைந்துவிடும் என்றார். அதுதான் அத்தனை மலையிலும் தன்னைக் காப்பாற்றியது என்றார். மலை இறங்கியபோது காவல் காத்ததில் பிரேக்குக்கும் பங்கு உண்டு என்பது அவர் கணக்கில் வரவில்லை.

"சத்தத்துக்கு சாமிகிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு நேராகக் கோயிலுக்கே போனார். நான் அன்று அங்கே தண்ணீர்த் தொட்டி கழுவப் போயிருந்தேன். கூலிக்கு எதையும் கழுவுவேன். பூசாரி மற்ற நாட்களில் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர். அன்று லாரிச் சட்டையிலேயே உட்கார்ந்திருந்தார். இவர் காடியை மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியபோது, அந்தச் சத்தத்தில் மரத்தில் இருந்த மைனாக்கள் எழுந்து பறந்தன.

"சாமி, மறுபடி நாலு பழம் வைக்கணும்."

பூசாரி எழுந்திருக்கவில்லை. "முனியாண்டி பிரேக் மிதிக்க மாட்டாருண்ணே. நீங்கதான் மிதிக்கணும். போய் பேட் மாத்துங்க."

"சக்கரத்த கழட்டலாமா?"

"கழட்டாம எப்படி மாத்துவீங்க? என் லாரிக்கும்தான் பழம் வைக்கறேன். மாசா மாசம் சக்கரத்த கழட்டறேன். சாமி இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கல."

கோயிலே கைவிட்ட பிறகும் அவர் மனம் மாறவில்லை. பூசாரிக்கு இப்போதெல்லாம் பக்தி குறைந்துவிட்டது என்று பாய் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுச் சாமி தட்டிலிருந்து கொஞ்சம் விபூதி எடுத்துக்கொண்டுபோய்ப் பிரேக் மிதிகட்டையில் தடவினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்கா மிதித்ததில் அது அன்றைக்கே செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஒரு மத்தியானம் மேகம் கறுத்து வந்தது. கெடாவில் அந்த மாதங்களில் மழையே இருக்காது. வானமே அவர் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அன்று மட்டும் தவறிப்போய்க் கொஞ்சம் இருட்டியது. அவர் ஒரு கன்வாஸைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடிவந்தார். காடியைக் கூரைக்கு அடியில் விட்டு, நாங்கள் இருவரும் கன்வாஸைப் போட்டு மூடினோம். மழை பெய்யவில்லை. அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். ஜாக்கெட் இல்லாமல் இருந்தார். ஜாக்கெட் இல்லாவிட்டால் சின்ன மனிதர்.

"ஒரு தரம்தான் தம்பி போனேன். இனிமே போவேனா தெரியாது. கழுவிட்டா அப்பறம் போனதுக்கு என்னா இருக்கு?"

"படம் இருக்குல்லண்ணே."

"படம் எல்லாரும் வச்சிருக்கானுங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. நான் போன இடங்களுக்கெல்லாம் என்னிடம் ஒரு அடையாளமும் இல்லை. கையில் சில வெட்டுக் காயங்கள் உண்டு, எது எந்த ஊர் என்று மறந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் அவருடைய சேறு நியாயமாகத்தான் பட்டது. பிறகு அவர் காடியை வெளியே எடுத்தார். வாசலில் பிரேக் அலறியது. பாவம் போய்விட்டது.

அடுத்த வாரம் அக்கா தனியாக வந்தார், டயருக்குக் காற்று அடிக்க. தொழிற்சாலை நீலச் சட்டை, தலையில் வலை போட்ட அடையாளம். தவுக்கே பிரேக்கைப் பற்றிச் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"மிதிச்சா மொதல்ல வெறுமையா போவுது. அப்பறம் ரெண்டு மூணு தரம் மிதிச்சாதான் புடிக்குது. சொன்னா, நீ பழகலன்றாரு."

"இப்பவே விட்டுட்டுப் போங்கக்கா. நான் பாத்துடறேன்," என்றார் தவுக்கே.

"விட்டுட்டு எதுல போறது? மூணு பேரு ரோட்டுல நிக்கறாங்க. ஷிப்ட் போனா சம்பளம் கட்." கதவில் இருந்த சேற்றை விரலால் தொட்டார். அழுத்தவில்லை. "அவரு போனாரு, குளிர பாத்தாரு, வந்துட்டாரு. காடியில எடம் இல்ல, ஆம்பளங்க போறதுன்னு என்னைய கூட்டிப் போவல. இப்ப நான் போவாத ஊரு மண்ண நான் சுமந்துக்கிட்டுத் திரியறேன். கேட்டுல ஜாகா தெனமும் கேக்கறான், கக்கா, பாரு பாலேக் டாரி ஹுத்தானான்னு."

இப்போதுதான் காட்டிலிருந்து வருகிறீர்களா என்று காவல்காரர் தினமும் கேட்டிருக்கிறார். அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். காற்று அடித்து முடிந்ததும் போய்விட்டார். சாலைக்குப் போகும் முன் மூன்று தரம் மிதிகட்டையைக் குத்தினார். கால் இறங்கி ஏறுவது எனக்குத் தெரிந்தது.

தைப்பூசம் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். மத்தியான ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கா தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். தோட்டத்துச் செம்மண் ரோடு பெரிய சாலையில் சேரும் இடத்தில் ஒரு இறக்கம் உண்டு. கீழே பழ லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அக்கா மிதித்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மிதித்தார். மிதிகட்டை தரையைத் தொட்டது. மூன்றாவது தரம் மிதிக்க நேரமில்லை. கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டீரிங்கைச் சாலையோரச் சாக்கடையான லோங்காங் பக்கம் ஒடித்தார். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகள் அங்கே குவியலாகக் கிடந்தன. காடி அதன்மேல் ஏறி நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் சாக்கடைக்குள் தலைகீழாக விழுந்திருக்கும். நேராகப் போயிருந்தால் லாரிக்கு அடியில்.

இதையெல்லாம் அக்கா பட்டறைக்கு வந்துதான் சொன்னார். மட்டையிலிருந்து காடியைப் பின்னால் எடுத்து, முதல் கியரில், கையைக் கைப்பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு, விளக்குகள் மினுக்க மினுக்க நாலு பேருமாக ஊர்ந்து வந்து சேர்ந்தார்கள். முன்சீட்டில் வழக்கமாக உட்காரும் ஒல்லியான அக்காவுக்கு உதடு கிழிந்து வீங்கியிருந்தது. முந்தானை மாதிரி துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த இருவரும் இறங்கினார்கள். ஒருவர் மறுபடி உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் அவர் கணவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஜாக்கெட் போட்டுத்தான் வந்தார். அந்த அவசரத்திலும் அதற்கு நேரம் இருந்திருக்கிறது.

வந்தவர் நேராகக் காடியின் இடது முன்பக்கம் போய்க் குனிந்தார். மட்டையில் உரசி அங்கே சேறு ஒரு பெரிய துண்டாகப் பெயர்ந்து போயிருந்தது. அந்த இடத்தைக் கையால் தடவினார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து மனிதர்களைப் பார்த்தார். ஒல்லி அக்கா துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்து, ரத்தம் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னா ஆச்சு?"

"பிரேக் புடிக்கல," என்றார் அக்கா.

"புடிக்காம எப்படி நின்னுச்சு?"

"நான் நிறுத்தினேன். பிரேக் நிறுத்தல."

"புடிக்கும்மா. நீ பயத்துல சரியா மிதிச்சிருக்க மாட்ட. அழுத்தி மிதிக்கணும். அத்தன மலையில நான் எறங்கல? ரெண்டாயிரம் வளைவு…"

"ரெண்டாயிரமா, மூவாயிரமா?" என்றார் தவுக்கே.

அக்கா காடிக்குள் ஏறினார். உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணை இறங்கச் சொன்னார். எஞ்சினைப் போட்டு, மெதுவாகப் பின்னால் எடுத்து, வாசல் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். கைப்பிரேக் கறகறவென்று ஏறும் சத்தம் கேட்டது. பட்டறையின் தரை வாசலிலிருந்து உள் சுவரை நோக்கிக் கொஞ்சம் சரிந்திருக்கும். கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஏங்க, அந்தச் செவுத்துகிட்ட போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"புடிக்கும்னு சொன்னீங்கல்ல. நான் மெதுவாத்தான் வரேன். நீங்க சொன்ன மாதிரியே அழுத்தி மிதிக்கறேன். போய் நில்லுங்க."

"ஏய், வெளையாடாத லா."

"வெளையாடல. தெனமும் மூணு பொம்பளைங்கள வச்சிக்கிட்டு இத மிதிச்சேன். ஒரு தரம் உங்கள வச்சிக்கிட்டு மிதிக்கறேன்."

தவுக்கே, "அக்கா, வேணாங்கக்கா" என்றார். சொன்னாரே தவிர நகரவில்லை. அவருக்கும் பார்க்க வேண்டும் போல இருந்தது. எனக்கும்தான்.

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் பழைய எண்ணெய்க் கறை தவிர ஒன்றும் இல்லை. காடியைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றுபோயிருந்தது. சுவர் பக்கமாக இரண்டு அடி நடந்தார். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூடியது. அக்கா கைப்பிரேக்கை இன்னும் விடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காடி ஒரு அங்குலம்கூட அசையவில்லை. ஆனால் அவர் அசைந்தார். நேராக நடக்க வேண்டியவர் இடது பக்கம் ஒதுங்கி, அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். டயர்களுக்கு மேல் ஜாக்கெட் காலரும் தலையும் மட்டும் தெரிந்தன.

அக்கா எஞ்சினை நிறுத்தினார்.

"கழட்டுங்க தவுக்கே," என்றார்.

"சேத்தோட கைய வைக்க மாட்டேன். மொதல்ல கழுவணும்."

"தம்பி, தண்ணி அடி."

நான் குழாயை எடுத்தேன். பழக்கதோஷத்தில் டயர்ப் பக்கம் பார்த்தேன். அவர் டயர்களுக்கு மேல் கையை ஊன்றினார். பிறகு, "கூரைய மட்டும் விடச் சொல்லு. கூரைக்கும் பிரேக்குக்கும் என்னா சம்பந்தம்?" என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஒல்லி அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து குழாயை வாங்கினார். ஒரு கையால் துப்பட்டாவை உதட்டில் அழுத்திக்கொண்டு, மறுகையால் கூரையிலிருந்தே ஆரம்பித்தார். மற்ற இருவரும் வந்து துணியை எடுத்துக்கொண்டார்கள். ஷிப்ட் போய்விட்டது, செய்ய வேறு வேலை இல்லை. நான் சும்மா நின்றேன். என் வேலையை நான் சும்மா நின்று பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மேலே இருந்த சாம்பல் நிறச் சேறு முதலில் போயிற்று. அதற்கு அடியில் கறுப்பாக ஒன்று. அவர் டயருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எது எந்த ஊர் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் வந்ததெல்லாம் நம் தோட்டத்துச் செம்மண். எல்லாம் ஒன்றாகக் கலந்து, தரைச் சரிவில் அவர் காலடி வரைக்கும் போய், சாக்கடைக்குத் திரும்பியது. அவர் சிலிப்பரைத் தூக்கி வழி விட்டார்.

தவுக்கே சக்கரத்தைக் கழற்றினார். பேட் இருந்த இடத்தில் வெறும் இரும்புத் தகடு. டிஸ்க்கில் உழவு ஓட்டிய மாதிரி கோடுகள். பிஸ்டன் பக்கத்தில் பிரேக் எண்ணெய் கசிந்து, அதை மறைத்துக்கொண்டு சேறு அப்பியிருந்தது. தவுக்கே அந்தத் தகட்டை எடுத்து, துடைத்து, அவர் முன்னால் இருந்த டயர் மேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தவுக்கே ஒருவரைத் திட்டாமல் விட்டதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வேலை முடிய சாயங்காலம் ஆயிற்று. அதுவரைக்கும் அவர் டயர்களுக்குப் பின்னாலேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். எப்போதோ ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தார். கிளம்பும்போது பழக்கத்தில் முன் கதவைத் திறக்கப் போனார். அங்கே ஒல்லி அக்கா உட்கார்ந்தாயிற்று.

"பின்னால ஏறுங்க," என்றார் அக்கா.

பின்னால் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு ஓரம் பிடித்திருந்தார்கள். ஒருவரும் ஓரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும் இறங்கி வழி விட்டார். நடுவில், இரண்டு நீலச் சட்டைகளுக்கு இடையில், முட்டியை மடக்கிக்கொண்டு ஜாக்கெட்டோடு உட்கார்ந்தார்.

காடி வாசலுக்குப் போயிற்று. சாலை இரண்டு பக்கமும் காலி. அக்கா இருந்தும் மிதித்தார். காடி நச்சென்று நின்றது. ஐந்து தலைகளும் ஒன்றாக முன்னால் போய்ப் பின்னால் வந்தன. சாலையில் ஏறி, பட்டறைச் சுவரைத் தாண்டுவதற்குள் இன்னொரு தரம் மிதித்தார். அப்புறம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தரம். ஒல்லி அக்கா உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பின்விளக்குகள் இரண்டும் பளிச்சென்று சிவப்பாக எரிந்தன. இத்தனை நாளும் அந்தக் காடிக்குப் பின்விளக்கு இருந்தது யாருக்கும் தெரியாது. சாலை திரும்பும் வரைக்கும், எதிரே ஒன்றும் இல்லாமல், அது எரிந்து எரிந்து அணைந்துகொண்டே போயிற்று.